நின்று கிளம்பப் பழகிய வண்டி

2025 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை. காலை நான்கரைக்கு எழுந்தேன். மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்ப பதினெட்டு நிமிடம் ஆனது. பால் காய்ச்சினேன். ஆவடியில் அந்த வாரம் முழுக்கப் பனி. எதிர் பிளாக்கின் படிக்கட்டு விளக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. நாட்குறிப்பில் சனிக்கிழமைப் பக்கத்தின் அடியில் ஒரு வரி இடம் இருந்தது. ‘தகுதிச் சுற்றில் ஐந்தாம் இடம்’ என்று எழுதி அதை நிரப்பினேன். நிறுத்தக் கடிகாரங்கள் இரண்டு, காற்றழுத்தமானி, பென்சில் மூன்று, நீல நிறக் கோப்பு, எல்லாம் பையில் இருப்பதை ஒருமுறை சரிபார்த்தேன்.

மனைவி இட்லி டப்பாவை நீட்டினாள்.

“இன்னிக்காவது ஆறுக்குள்ள வந்துடுவாராங்க?”

“ஐஞ்சுல நிக்கிறோம். கிளம்புறதுல ரெண்டு இடமாவது ஏறும்.”

“எழுதி வெச்சிருக்கீங்களா?”

“எழுதி வெச்சிருக்கேன்.”

அவள் கேட்ட ஆறு என்னவென்று சொல்லிவிடுகிறேன். காட்டுப்பாக்கத்தில், பூந்தமல்லி போகும் சாலையை ஒட்டி, அண்ணன் தம்பி இருவர் நடத்தும் கார் பட்டறை இருக்கிறது. அங்கே எல்லோருக்கும் அவர்கள் பெரிய பாய், சின்ன பாய், எனக்கும் அப்படித்தான். பட்டறையில் கார் நிறுத்தும் இடம் நான்கு. நான்காவதில் ஆறு வருடமாக சின்ன பாயின் பந்தய வண்டி நிற்கிறது. பழைய சிறிய கார், முன்சக்கரங்கள்தான் இழுக்கும். உள்ளே இருக்கையெல்லாம் கழற்றி, கம்பிக் கூண்டு போட்டது. போன ரம்ஜான் முடிந்த மாதத்தில் பெரிய பாய் ஒரு முடிவு சொன்னார். பந்தயத்தில் ஆறாவது இடம் வரைக்கும் கோப்பை தருகிறார்கள். இந்தப் பருவத்துக்குள் ஒரு கோப்பையாவது வந்தால் வண்டி அங்கேயே நிற்கலாம். வராவிட்டால் வண்டியை விற்றுவிட்டு அந்த இடத்தில் வீல் அலைன்மென்ட் மெஷின் போடுவார். சின்ன பாய் சரி என்று கை கொடுத்தார். அதற்குப் பிறகு நான்கு பந்தயங்கள். ஒன்பது, எட்டு, பாதியில் நின்றது, மறுபடி எட்டு. இன்று பருவத்தின் கடைசிப் பந்தயம். சின்ன பாய்க்கு வயது நாற்பத்தொன்பது. இந்த வண்டி போனால் இன்னொன்று கட்டப் போவதில்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பல்சக்கரத் தொழிற்சாலையின் அளவைக் கூடத்தில் இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறேன். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு எனக்குப் பெரிய அளவு. பந்தய வண்டி வந்த நாள் முதல் அதன் கோப்பும் கடிகாரமும் என் பொறுப்பு. பந்தயம் எனக்குத் தெரியாது, அளக்கத் தெரியும். முதல் பந்தயத்தில் சின்ன பாய் ஏன் ஒன்பதாவது வந்தார் என்று பார்த்தேன். கிளம்பும்போதே நான்கு இடம் இழந்திருந்தார். அதன் பிறகு ஒரு இடமும் இழக்கவில்லை. ஆகவே கிளம்புவதைச் சரிசெய்தால் போதும் என்று முடிவு செய்தேன். முடிவு சரிதான். இன்றும் அதைச் சரியென்றே சொல்வேன். அதுதான் எரிச்சல்.

செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் மனை பிரித்துச் சாலை போட்டு, வீடு ஒன்றுகூட வராத ஒரு லேஅவுட் இருக்கிறது. உரிமையாளர் பட்டறையின் வாடிக்கையாளர். கேட் சாவியைத் தந்திருந்தார். முப்பத்தொரு ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே போனோம். ஒவ்வொரு மனைக்கும் முகப்பு முப்பது அடி, எல்லைக்கு ஒரு கல். எனவே தூரம் குறிக்க எங்களுக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. டேப் வைத்துச் சரிபார்த்ததில் பதினேழாம் மனை மட்டும் இருபத்தொன்பது அடி நான்கு அங்குலம். வாங்கியவருக்கு அது தெரியுமோ என்னவோ. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு முறை சின்ன பாய் நின்ற இடத்திலிருந்து கிளம்பினார். இருநூற்றுப் பதினான்கையும் எழுதினேன்.

அளந்து தெரிந்துகொண்டது இது. நின்ற வண்டி கிளம்பும்போது எஞ்சினிடம் பலம் குறைவாக இருப்பது பிரச்சினையே அல்ல. முதல் கியரில் எஞ்சின் தரும் தள்ளலை டயரால் தாங்க முடிவதில்லை. அது வழுக்கிச் சுழல்கிறது. ஆக, அந்த முதல் சில நொடிகளில் வண்டி எவ்வளவு வேகம் எடுக்கும் என்பதை டயரின் பிடியும், இழுக்கும் சக்கரத்தின் மேல் எவ்வளவு பாரம் உட்கார்ந்திருக்கிறது என்பதும், கிளட்ச்சை விடும் காலும்தான் தீர்மானிக்கின்றன. முன்சக்கரம் இழுக்கும் வண்டிக்கு இன்னொரு சாபம் உண்டு. வண்டி முன்னே பாயும்போது பாரம் பின்னே சாய்கிறது, இழுக்க வேண்டிய சக்கரம் இலேசாகிறது. எங்கள் எஞ்சினுக்கோ தனியாக ஒரு குணம். நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றுக்குக் கீழே அது தூங்கும். கிளட்ச்சைச் சற்று முன்னதாக விட்டால் தூங்கிவிடும், தாமதித்தால் டயர் சுழலும்.

நான் சொன்ன மருந்து இரண்டு. எடை விதிக்காக வண்டியில் வைத்தே தீர வேண்டிய இருபது கிலோ இரும்புத் தகட்டை முன்பக்கம் கொண்டுபோனோம். கியர்பெட்டியின் கடைசிப் பல்சக்கர ஜோடியை மாற்றி, எல்லா கியரும் குட்டையாகும்படி செய்தோம். அதனால் எஞ்சின் சீக்கிரமே ஐயாயிரத்தைத் தாண்டி விழித்துக்கொண்டது. விலை ஒன்று இருந்தது. முன்பு இரண்டாம் கியரில் தொண்ணூற்றிரண்டு கிலோமீட்டர் வேகம் வரை போகலாம், இப்போது எழுபத்தெட்டோடு தீர்ந்துவிடும். பரவாயில்லை, கிளம்புவதுதானே முக்கியம் என்று எழுதினேன். கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய ஞாயிறு, இருபத்திரண்டு மனை தூரத்தை முதலில் எடுத்ததைவிட ஒன்றேகால் நொடி குறைவாகக் கடந்தார். பந்தயத்தில் அது ஐந்தாறு கார் நீளம். சின்ன பாய் வண்டியிலிருந்து இறங்கி என் நோட்டுப் புத்தகத்தை வாங்கி முத்தம் கொடுத்தார்.

ஐந்தே முக்காலுக்கு ஆவடியை விட்டேன். பருத்திப்பட்டு, கரையான்சாவடி, மெட்ரோ தூண்களுக்கு அடியில் பூந்தமல்லி, பிறகு மேற்கே நெடுஞ்சாலை. ஆறு ஐம்பதுக்குப் பந்தயத் தளத்தில் இருந்தேன். ஏழரைக்கு ஓட்டுநர்கள் கூட்டம். நான் டயர்க் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்; சின்ன பாய் மட்டும் போனார். எட்டு ஐந்துக்குத் திரும்பி வந்தார். நடையே சரியில்லை.

“நைனா, இன்னிக்கு ரோலிங் ஸ்டார்ட்டாம்.”

“என்னது?”

“போன ரேஸ்ல ஒருத்தன் நின்ன எடத்துல ஆஃப் ஆயி, பின்னால வந்தவன் இடிச்சான்ல. அதுக்கோசரம் மாத்திட்டானுங்க. முன்னால ஒரு கார் கூட்டிகினு போவும், எழுபது ஸ்பீடு. பச்சை லைட்டு போட்டதும் அடிக்கணும். எல்லாருக்கும் தெரிஞ்சிகீது. நான் ஒருத்தன்தான் கைய தூக்கி ‘இன்னா சார், இப்ப வந்து சொல்றீங்க’ன்னு கேட்டேன். அத்தினி பேரும் திரும்பிப் பாக்குறான்.”

“முன்னாடியே சொன்னாங்களாமா?”

“ரெண்டு வாரம் ஆச்சாம். சுற்றறிக்கை. உனக்கு அனுப்பினேனே, ஃபைல்ல போடுன்னு. ஃபைல்ல கீதா?”

கோப்பில் இருந்தது. பதினான்காவது தாள். ஓரத்தில் இரண்டு ஓட்டை நேராகக் குத்தப்பட்டு, மேல் மூலையில் எண், வந்த தேதி, பென்சிலில் ‘பார்த்தேன்’ என்று என் குறி. தாளில் வண்டி நிறுத்துமிடம், சாப்பாட்டுக் கடை, குடிநீர், நாய்களை அழைத்து வரக்கூடாது என்பது. அவ்வளவுதான் என்று சொல்ல வாயெடுத்து, தாளைத் திருப்பினேன். பின்பக்கம் அச்சாகியிருந்தது. ‘தொடக்க முறையில் மாற்றம்.’

நான் எதையும் செல்போனில் படிப்பதில்லை. ஆவடி மார்க்கெட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பி அச்செடுத்துப் படிப்பேன், எப்போதும் ஒரு பக்க அச்சு. ஆறு வருடமாக என் கோப்பில் எந்தத் தாளின் பின்பக்கத்திலும் எதுவும் இருந்ததில்லை. அன்று கடையில் புது ஆள். இரு பக்கமும் போட்டுக் கொடுத்துவிட்டார். ஒழுங்கில்லாத மனிதன் யாராவது அந்தத் தாளைச் சுருட்டிப் பையில் போட்டு, பிறகு வடை மடிக்க எடுத்திருந்தால்கூடப் பின்பக்கத்தைப் பார்த்திருப்பான். நான் ஓட்டை குத்தினேன்.

சின்ன பாய் தாளை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார்.

“பார்த்தேன்னு டிக்கு வேற போட்டுகீற.”

“என் தப்பு பாய்.”

“உன்னுது மட்டுமா? நானும்தான் பாக்காம தள்ளி உட்டேன். ஃபைலு கீதே, ஆளு கீறாரேன்னு.” பின்பக்கத்தை இன்னொரு முறை படித்தார். “பழைய பல்லு மாட்டலாமா?”

பழைய ஜோடி காட்டுப்பாக்கத்தில் இருந்தது. கியர்பெட்டியை இறக்கி மாற்ற, போன முறை நான்கு மணி முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. அதையும் எழுதி வைத்திருந்தேன். பந்தயம் பதினொன்று இருபதுக்கு. கணக்குப் போடவே தேவையில்லை, ஆனாலும் போட்டேன்.

ஓடிக்கொண்டே தொடங்கும்போது விஷயம் தலைகீழ். எழுபது கிலோமீட்டர் வேகத்தில் உருளும் டயருக்குப் பிடி தாராளமாக இருக்கிறது. எஞ்சின் அந்த வேகத்தில் தரக்கூடியதை எல்லாம் அது தாங்கிக்கொள்ளும். அங்கே கேள்வி, பச்சை விளக்கு விழும் அந்த நொடியில் எஞ்சின் எத்தனை சுற்றில் இருக்கிறது, அங்கிருந்து கியர் மாற்றாமல் எவ்வளவு தூரம் இழுக்கும், இழுக்க வேண்டிய எடை எவ்வளவு என்பதே. வேகம் கூடக்கூடக் காற்றும் தடுக்கும். கிளட்ச் கால், முன்பக்கத் தகடு, இருநூற்றுப் பதினான்கு தடவை, ஒன்றுக்கும் அங்கே வேலை இல்லை. மற்றவர்கள் இரண்டாம் கியரில் எழுபதிலிருந்து தொண்ணூறு வரை ஒரே மூச்சில் இழுப்பார்கள். எங்களுக்கு எழுபத்தெட்டில் தீர்ந்துவிடும். மூன்றுக்கு மாற்றினால் எஞ்சின் நாலாயிரத்து எழுநூற்றுச் சொச்சத்துக்கு இறங்கித் தூங்கும். சரி, முதலிலேயே மூன்றில் போகலாம் என்றால், எழுபதில் இன்னும் ஆழமான தூக்கம். வழிநடத்தும் கார் ஐம்பத்தைந்தில் போனால் எங்களைப் பிடிக்க ஆளே இருந்திருக்காது. போய்க் கேட்டேன். அதிகாரி மரியாதையாகவே, எழுபது என்று பின்பக்கத்தில் இருக்கிறதே என்றார்.

ஒரு வழி தோன்றியது.

“பாய், முன்னாடி வண்டிக்கும் நமக்கும் மூணு கார் நீளம் இடம் விடுங்க. பச்சை விழறதுக்கு முன்னாடியே மூணுல மிதிச்சா, விழும்போது எண்பதைத் தாண்டி இருப்பீங்க. எஞ்சின் முழிச்சிருக்கும்.”

“ஒரு கார் நீளத்துக்கு மேல உடக்கூடாதுன்னு இங்கயே போட்டுகீதே.”

“எல்லாரும் கொஞ்சம் விடுவாங்க.”

“அது போங்கு, நைனா. எட்டு மாசம் கல்லு எண்ணிகினு பழகினது போங்கு அடிக்கவா?”

பத்தரைக்குப் பெரிய பாய் வந்தார். கையில் குடை, பிஸ்கட் பாக்கெட். அவர் பந்தயம் பார்க்க வருவது அதுவே முதல் முறை. தம்பியின் தோளைத் தட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். வண்டிகள் இரண்டிரண்டாக வழிநடத்தும் காரின் பின்னால் மெதுவாக ஒரு சுற்றுப் போனபோது விஷயத்தைச் சொன்னேன்.

“அப்ப எட்டு மாசமா நீங்க எழுதினது இன்னாத்துக்கு?”

“நின்னு கிளம்புறதுக்கு. அது டயரோட வேலை. இது எஞ்சினோட வேலை.”

“புரியல சார்.”

“மழையில பூந்தமல்லி ஸ்டாண்டுல இருந்து ஸ்கூட்டரைச் சேத்துல முறுக்கினா சக்கரம் சும்மா சுத்துது இல்ல? அங்க எவ்வளவு பெரிய எஞ்சின் இருந்தும் பிரயோஜனம் இல்ல, பிடிதான் வேணும். அதே ஸ்கூட்டர் பைபாஸ்ல ஓடிட்டு இருக்கும்போது பக்கத்துல ஒரு புல்லட்டு முறுக்கினா, பிடி ரெண்டு பேருக்கும் இருக்கு. பலம் இருக்கிறவன் போயிடுவான்.”

“நம்ம வண்டி ஸ்கூட்டரா?”

“இன்னிக்கு ஸ்கூட்டர்.”

அவர் ஒரு பிஸ்கட்டைக் கடித்தார். “என் தம்பிகிட்ட சொல்லாதீங்க,” என்றார்.

பச்சை விழுந்தது. கடிகாரத்தை அழுத்தினேன். முதல் ஒரு நொடி எங்கள் வண்டி பக்கத்து வண்டியைவிட அரை நீளம் முன்னேறியது. குட்டைக் கியர் அவ்வளவுக்கு உதவியது. பிறகு கியர் மாற்றும் சத்தம், உடனே அந்தக் கனத்த, அடைத்த குரல். தூங்கிவிட்டது. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் இரண்டு கடந்தன. எங்களுக்குப் பின்வரிசையில் இருந்த சிவப்பு வண்டி மூன்று கார் நீளம் இடம் விட்டு, நான் சொன்னபடியே ஓடிவந்து, நிறுத்தத்தில் நிற்காத பேருந்தைப் போல எங்களைத் தாண்டியது. முதல் திருப்பத்துக்குள் போகும்போது சின்ன பாய் ஒன்பதாவது.

பத்துச் சுற்று. குறுகிய திருப்பங்களில் எங்கள் குட்டைக் கியர் நன்றாக வேலை செய்தது. நேர்கோட்டில் எல்லாம் போனது. நான்காம் சுற்றில் எட்டு. ஏழாம் சுற்றில் ஏழு. அதற்குப் பிறகு சிவப்பு வண்டியின் பின்னாலேயே மூன்று சுற்று. பெரிய பாய் குடையை மடக்கிவிட்டார். அவரே, “போடா, போடா,” என்று சொல்வதைக் கேட்டேன். தன் மெஷினுக்கு எதிராகத்தான் கத்துகிறார் என்று அவருக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. கடைசித் திருப்பத்தில் இருவரும் பக்கம் பக்கமாக வந்தார்கள். கோட்டைத் தாண்டும்போது சிவப்பு வண்டி ஆறாவது. நாங்கள் ஏழாவது. இடைவெளி, என் இரு கடிகாரங்களின்படியும், நொடியில் நூறில் நாற்பது பங்கு.

புகார் தர அரை மணி நேரம் உண்டு. வெள்ளைத் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தேன். சிவப்பு வண்டி விட்ட இடம், எந்தக் கம்பத்துக்கு எதிரே, எத்தனை நீளம். மூன்றாவது வரியில் சின்ன பாய் வந்து பென்சிலைப் பிடித்துக்கொண்டார். முகம் முழுக்க வியர்வை.

“வேணாம் நைனா.”

“அவன் பண்ணது விதிமீறல். நான் பார்த்தேன்.”

“பார்த்தேன்னு நீ எழுதினா இன்னிக்கு எவன் நம்புவான்?”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிளம்பும் முன் நானே அவருக்குச் சொல்லிக்கொடுத்த தந்திரத்தைத்தான் அந்த ஆள் செய்திருந்தார் என்பதும் நினைவுக்கு வந்தது. தாளைக் கிழித்தேன். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான்.

மாலை காட்டுப்பாக்கத்தில் வண்டியை இறக்கியதும் நான் பெரிய பாயிடம் போனேன். கோப்பைத் திறந்து பதினான்காம் தாளைக் காட்டினேன். தவறு வண்டியுடையதல்ல, ஓட்டியவருடையதல்ல, இன்னொரு பருவம் கொடுங்கள் என்றேன். அவர் கோபப்படவே இல்லை.

“சார், நான் ஆறுன்னு சொன்னேன். அவன் கை குடுத்தான். இன்னா காரணத்தால ஏழுன்னு கேக்கமாட்டேன், இன்னா காரணத்தால அஞ்சுன்னும் கேட்டிருக்கமாட்டேன்.”

“அண்ணன் சொல்றது கரெக்டு,” என்றார் சின்ன பாய், தகட்டைக் கழற்றிக்கொண்டே. “உடு நைனா.”

எனக்கு விட முடியவில்லை. வீட்டுக்கு வந்து இருநூற்றுப் பதினான்கு வரிகளையும் மீண்டும் பார்த்தேன். ஒன்றில்கூடப் பிழை இல்லை. மனைவி டப்பாவைத் திறந்தாள். இட்லி நான்கும் அப்படியே இருந்தன.

மறுநாள் திங்கட்கிழமை, காலை முதல் வேலையாக, ஷிஃப்டுக்குப் போகும் முன், ஆறு மணிக்குக் காட்டுப்பாக்கம் போனேன். அலைன்மென்ட் மெஷினுக்குத் தரை மட்டமாக இருக்க வேண்டும். அதை அளந்து தரும்படி பெரிய பாய் கேட்டிருந்தார். அளக்கத் தெரிந்த வேறு ஆள் அங்கே இல்லை. பந்தய வண்டி வெளியே, வேப்பமரத்தடியில், உறை போட்டு நின்றது. தண்ணீர் ஊற்றிய டியூபின் ஒரு முனையைச் சின்ன பாய் பிடித்தார், இன்னொன்றை நான். நான்கு மூலை, நடுவில் ஒன்று. பின்பக்க இடது மூலை ஒன்பது மில்லிமீட்டர் தாழ்வு. மீண்டும் அளந்தேன். ஒன்பதுதான். சிமெண்ட் போட்டுச் சரிசெய்துவிடலாம், பெரிய வேலை இல்லை. அப்படியே ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, பெரிய பாயிடம் கொடுத்தேன்.

அவர் முழுக்கப் படித்தார். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.